குதிரை மேலிருந்து நாட்டை ஆள முடியுமா? ஹான் சீனத்தில் படிப்பும் அதிகாரமும்

ஒரு வழக்கிலிருந்து தொடங்கலாம். சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன்னால், சீனாவில் இரண்டு பேருக்குள் வாய்ச்சண்டை. சண்டை முற்றி ஒருவன் கத்தியை உருவிக்கொண்டு மற்றவரைக் குத்தப் பாய்கிறான். பக்கத்தில் நின்ற மகன், அப்பாவைக் காப்பாற்றத் தடியை ஓங்குகிறான். குறி தப்பி அடி அப்பா மேலேயே விழுகிறது. அவருக்குக் காயம். அன்றைய சட்டத்தில் இதற்கு ஒரே தண்டனைதான். தகப்பனை அடித்தவனுடைய தலையை வெட்டி, ஊர் பார்க்கத் தொங்கவிட வேண்டும்.

இந்த வழக்கில் டோங் சோங்ஷு என்ற அறிஞரிடம் கருத்துக் கேட்டார்கள். அவர் சட்டத்தைப் புரட்டவில்லை. ‘வசந்தமும் இலையுதிர்காலமும்’ என்ற பழைய வரலாற்றுக் குறிப்பேட்டை எடுத்தார். அதில் ஷூ என்ற சிறு நாட்டு இளவரசனைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. நோயாளி அப்பாவுக்கு மருந்து கொடுத்தான், அப்பா இறந்துவிட்டார். கெட்ட எண்ணம் இல்லாததால் அவனைக் குற்றவாளியாகக் கருதக் கூடாது என்பது அந்த நூலை ஓதி வந்தவர்களின் மரபு. ‘இந்தப் பையனின் மனதிலும் அப்பாவை அடிக்கும் எண்ணம் இல்லை, ஆகவே குற்றமில்லை’ என்றார் டோங் சோங்ஷு.

ஒரு குட்டி நாட்டின் பழைய குறிப்பேடு, பேரரசின் சட்டத்தை விடப் பெரியதாக எப்படி ஆனது? அதைப் படித்தவருக்கு அந்தச் சொல்வாக்கு எங்கிருந்து வந்தது? கன்பூசியக் கல்வி, அரசு அதிகாரம் என்று வரலாற்றுப் புத்தகங்கள் சொல்வதெல்லாம் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். ஹான் வம்சத்தின் கதையை (கி.மு. 202 முதல் கி.பி. 220 வரை, நடுவில் ஒரு சிறு இடைவெளியுடன்) தெரிந்துகொண்டால் இது நன்றாகப் புரியும்.

முதலில் கன்பூசியஸ். கி.மு. 551இல் லூ என்ற நாட்டில் பிறந்தவர், 479இல் இறந்தார். வாழ்நாள் முழுக்க ஓர் அரசன் தன் பேச்சைக் கேட்க மாட்டானா என்று நாடு நாடாக அலைந்தார். பெரிய பதவி எதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் ஆசிரியராகவே பெயர் பெற்றார். பழைய பாடல்கள், அரச ஆவணங்கள், சடங்கு முறைகள் இவற்றைப் படித்து, அவற்றின்படி நடந்து, மனிதன் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆள்பவன் தண்டனையால் அல்ல, தன் நடத்தையால் ஆள வேண்டும் என்பது அவருடைய போதனையின் சாரம். அவருக்குப் பின் அவர் வழியில் வந்தவர்கள் பழைய நூல்களை ஓதுவதையும் சடங்குகளை நடத்துவதையும் தொழிலாகக் கொண்டார்கள். இவர்களைச் சீன மொழியில் ‘ரூ’ என்பார்கள். நாம் கன்பூசியர் என்கிறோம்.

கி.மு. 221இல் சீனா முழுவதையும் முதன்முதலாக ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்த சின் வம்சத்துக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. ‘எழுதப்பட்ட சட்டம், கடுமையான தண்டனை, சரியான கணக்கு, இவை போதும். பழங்காலத்தைக் காட்டி இன்றைய ஆட்சியைக் குறை சொல்பவர்கள் எதற்கு?’ என்பது அவர்கள் எண்ணம். இதைச் சட்டவாதம் என்று சொல்லலாம். கி.மு. 213இல், அமைச்சர் லீ ஸு சொன்னபடி, தனியாரிடம் இருந்த பாடல் நூல்களையும் ஆவண நூல்களையும் எரிக்க ஆணை பிறந்தது. மருத்துவம், குறி பார்த்தல், பயிர்த்தொழில் பற்றிய நூல்கள் மட்டும் தப்பின.

அப்போது ஜினான் பகுதியில் ஃபூ ஷெங் என்ற அறிஞர் ஆவண நூலின் ஓலைகளைத் தன் வீட்டுச் சுவருக்குள் மறைத்து வைத்தார். ஓலை என்றால் பனையோலை அல்ல, மூங்கில் பட்டைகள். ஒவ்வொரு பட்டையிலும் மேலிருந்து கீழாக ஒரு வரி எழுதி, நூலால் கோத்து, பாய் மாதிரி சுருட்டி வைப்பார்கள். சின் ஆட்சி விழுந்து, போரெல்லாம் ஓய்ந்து அவர் திரும்பி வந்து சுவரை இடித்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் அழிந்திருந்தது. மிஞ்சியது 29 பகுதிகள். அதை வைத்துக்கொண்டே பாடம் நடத்தினார். பின்னாளில் ஹான் பேரரசர் வென், ஆவண நூல் தெரிந்தவர் நாட்டில் யார் இருக்கிறார் என்று தேடச் சொன்னபோது, கிடைத்தவர் இவர் ஒருவர்தான். வயது தொண்ணூறுக்கு மேல். தலைநகருக்கு வர உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஆகவே அரசு ஓர் அதிகாரியை அவர் வீட்டுக்கு அனுப்பிப் படித்துவரச் செய்தது. ஒரு காலத்தில் இந்த நூலை எரிக்கத் தேடிய அரசு, இப்போது அதைக் கற்றுக்கொள்ளத் தேடி வந்தது. இடையில் சுமார் ஐம்பது ஆண்டுகள்தான்.

தொப்பியும் குதிரையும்

அந்த ஐம்பது ஆண்டுகளில் அரசர்களின் மனம் எப்படி மாறியது?

ஹான் வம்சத்தைத் தொடங்கிய லியூ பாங் குடியானவக் குடும்பத்தில் பிறந்தவர். கன்பூசியர்களை அவருக்குப் பிடிக்காது. அவர்கள் அணியும் தொப்பியைப் பிடுங்கி அதில் சிறுநீர் கழிப்பார் என்று வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதி வைத்திருக்கிறார். அவரிடம் லூ ஜியா என்ற அறிஞர், பேச்சுக்குப் பேச்சு பாடல் நூலையும் ஆவண நூலையும் எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் லியூ பாங் எரிந்து விழுந்தார்: “நான் குதிரை மேலிருந்து இந்த நாட்டைப் பிடித்தேன். எனக்கு எதற்குப் பாட்டும் ஏடும்?” லூ ஜியா நிதானமாகக் கேட்டார்: “குதிரை மேலிருந்து பிடித்தீர்கள், சரி. குதிரை மேலிருந்தே ஆளவும் முடியுமா?”

பேரரசருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவரைத் தண்டிக்கவில்லை. சின் ஏன் விழுந்தது, நான் ஏன் ஜெயித்தேன் என்று எழுதிக் கொடு என்றார்.

இந்தக் கேள்வி வெறும் சாமர்த்தியப் பேச்சு அல்ல. சின் பேரரசு பதினைந்தே ஆண்டுகளில் நொறுங்கியதை எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். பயத்தால் மட்டும் ஆண்டால், பயம் விட்ட மறுநாள் ஆட்சியும் போய்விடும் என்பது அவர்கள் அனுபவம்.

பயம் தவிர வேறு என்ன வேண்டும்? இன்னொரு காட்சியைப் பாருங்கள். லியூ பாங்கின் தளபதிகள் எல்லாரும் அவரோடு சேர்ந்து சண்டை போட்ட பழைய கூட்டாளிகள். அரண்மனை விருந்தில் குடித்துவிட்டு, ‘நான்தான் அந்தக் கோட்டையைப் பிடித்தேன்’ என்று கத்துவார்கள், கத்தியால் தூணை வெட்டுவார்கள். பேரரசருக்கு இது தொல்லையாக இருந்தது. ஷுசுன் டோங் என்ற கன்பூசியர் முன்வந்தார். லூ நாட்டிலிருந்து முப்பது பேரைக் கூட்டிவந்து, ஊருக்கு வெளியே கயிறு கட்டி, புல் கட்டுகளை நட்டு இடம் குறித்து, ஒரு மாதத்துக்கு மேல் ஒத்திகை பார்த்தார். யார் எங்கே நிற்பது, எப்போது குனிவது, எந்த வரிசையில் மது அருந்துவது என்று எல்லாவற்றுக்கும் முறை வகுத்தார். கி.மு. 200இல் புதிய அரண்மனையில் புத்தாண்டு விழா நடந்தது. ஒருவரும் சத்தம் போடவில்லை. முறை தவறியவர்களை வெளியே கூட்டிச் சென்றார்கள். விழா முடிந்ததும் லியூ பாங் சொன்னது: “பேரரசனாக இருப்பது எவ்வளவு மேன்மை என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.”

நேற்றுவரை தோளில் கைபோட்டவன் இன்று நெற்றி தரையில் படக் கும்பிடுகிறான். அவனுக்கும் அது அவமானமாகப் படவில்லை, முறையாகப் படுகிறது. வாளால் இதைச் செய்ய முடியாது. கன்பூசியர்கள் அரசுக்குக் கொடுத்த முதல் பரிசு இதுதான்.

லூ நாட்டில் அழைத்தபோது இரண்டு பேர் வர மறுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ‘நீ ஏறக்குறைய பத்து எஜமானர்களிடம் வேலை பார்த்தவன், எல்லாரையும் முகத்துக்கு நேரே புகழ்ந்தே மேலே வந்தவன்’ என்று ஷுசுன் டோங்கிடமே சொன்னார்கள். படிப்பு அதிகாரத்திடம் போனால் வளையுமா, வளையாதா என்ற சண்டை முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. இந்தக் கட்டுரை முழுக்க அது கூடவே வரும்.

வூ பேரரசரும் ஐம்பது மாணவர்களும்

அடுத்த அறுபது ஆண்டுகள் கன்பூசியர்களுக்கு நல்ல காலம் என்று சொல்ல முடியாது. அரண்மனையில் லாவோட்ஸுவின் வழியைப் பின்பற்றியவர்கள் கை ஓங்கியிருந்தது. ‘அரசு அதிகம் தலையிடாமல் சும்மா இருப்பதே நல்லது’ என்பது அவர்கள் கொள்கை. பேரரசர் ஜிங்கின் தாய் தோவ் பேரரசி, லாவோட்ஸுவின் நூல் மேல் உயிராக இருந்தார். ஒருநாள் யுவான் கூ என்ற வயதான கன்பூசியரைக் கூப்பிட்டு அதைப் பற்றிக் கேட்டார். ‘இது வேலைக்காரர்கள் பேச்சு’ என்று அவர் சொல்லிவிட்டார். ஆத்திரத்தில் பேரரசி அவரைப் பன்றிப்பட்டிக்குள் இறக்கிவிட்டார், பன்றியோடு சண்டை போடட்டும் என்று. பேரரசர் ஜிங் இரக்கப்பட்டு ஒரு கூரான ஆயுதத்தைக் கொடுத்தார். கிழவர் ஒரே குத்தில் பன்றியைச் சாய்த்துவிட்டு வெளியே வந்தார்.

கி.மு. 141இல் பதின்ம வயதில் பேரரசர் வூ பட்டத்துக்கு வந்தார். பாட்டி தோவ் இன்னும் உயிரோடு இருந்தார். 139இல் பேரனின் கன்பூசிய ஆலோசகர்களைச் சிறையில் தள்ளினார், இரண்டு பேர் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார்கள். வூ பொறுமையாகக் காத்திருந்தார். 135இல் பாட்டி இறந்தார். அதை ஒட்டிய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மூன்று ஏற்பாடுகள் வந்தன.

கி.மு. 136இல், ஐந்து நூல்களுக்கு அரசு ஆசான்களை நியமித்தார்கள். பாடல் நூல், ஆவண நூல், சடங்கு நூல், மாற்றங்களின் நூல், ‘வசந்தமும் இலையுதிர்காலமும்’ ஆகியவை அந்த ஐந்து. முன்பு எல்லாவிதப் புலமைக்கும் அரசு ஆசான்கள் இருந்தார்கள், இனி இந்த ஐந்துக்கு மட்டும்தான். அரசுச் செலவில் எது கல்வி, எது கல்வி இல்லை என்று பிரித்த கோடு இது.

கி.மு. 134இல், ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் பெற்றோரைப் பேணும் ஒருவரையும் கைசுத்தமான ஒருவரையும் தேர்ந்து தலைநகருக்கு அனுப்ப வேண்டும் என்று ஆணை வந்தது. இந்த முறைக்கு ‘ஷியாவ்லியன்’ என்று பெயர். உள்ளூர் அதிகாரிகள் முதலில் யாரையும் அனுப்பவில்லை. ‘அனுப்பாத அதிகாரிக்குத் தண்டனை’ என்று 128இல் மறுபடி அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

கி.மு. 124இல் தலைநகர் சாங்ஆனில் ‘தாய்ஷுவே’ தொடங்கியது. பெருங்கல்விக்கூடம் என்று பொருள். அரசு ஆசான்களிடம் முறையாகப் படிக்க 50 மாணவர்கள். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், தோற்றமும் நடத்தையும் நன்றாக இருக்க வேண்டும். சேர்ந்தவர்களுக்குக் கட்டாய உடலுழைப்பிலிருந்து விலக்கு. குடிமக்கள் எல்லோரும் சாலை, சுவர், கால்வாய் என்று அரசுக்கு உடம்பால் உழைக்க வேண்டிய காலத்தில் இது பெரிய சலுகை. ஆண்டு முடிவில் தேர்வு. ஒரு நூலிலாவது தேறினால் வேலை, முதல் வரிசையில் வந்தால் பேரரசரின் அருகிலேயே பணி. தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்தத் தேர்வு முறை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. கேள்விகளை மூங்கில் பட்டைகளில் எழுதி, தரம் பிரித்து, எழுத்துத் தெரியாதபடி கவிழ்த்து வைப்பார்கள். மாணவன் ஒன்றை உருவி, வந்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இதற்கு ‘பட்டையை எய்வது’ என்று பெயர், அம்பு எய்வது மாதிரி. கை நடுங்கிய எத்தனை பேர் அந்தக் கூடத்தில் நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

மாவட்டங்களிலும் பள்ளிகள் வந்தன. இதற்கு முன்மாதிரி மேற்கே ஷூ பகுதியின் (இளவரசன் கதையில் வந்த ஷூ வேறு), அதாவது இன்றைய செங்டூவின், ஆளுநர் வென் வெங். வூ பட்டத்துக்கு வருமுன்பே, தன் அலுவலகத்தில் சூட்டிகையான இளைஞர்கள் பத்துப் பேருக்கு மேல் பொறுக்கித் தலைநகருக்குப் படிக்க அனுப்பினார். அலுவலகச் செலவைக் குறைத்து, ஷூவில் செய்த கத்திகளையும் துணிகளையும் வாங்கி ஆசான்களுக்குக் காணிக்கையாகக் கொடுத்தனுப்பினார். எழுதும் தொழிலில் இருந்தவர்களுக்குக் கத்தியும் ஒரு கருவி. மூங்கிலில் எழுத்துப் பிழையானால் சுரண்டி எடுக்க அதுதான் அழிப்பான். படித்துத் திரும்பியவர்களுக்கு நல்ல பதவி கொடுத்தார். பிறகு ஊரிலேயே பள்ளி கட்டினார். வட்டங்களைப் பார்வையிடப் போகும்போது சிறந்த மாணவர்களைக் கூடவே கூட்டிப் போவார். ஜனங்கள் அதைப் பார்த்து, ‘நம்ம பிள்ளையும் இப்படிப் போகவேண்டும்’ என்று ஏங்கினார்கள். சில ஆண்டுகளில் பணக்காரர்கள் காசு கொடுத்தாவது இடம் பிடிக்க வந்தார்கள். செங்டூவில் அதே இடத்தில் இன்றும் ஒரு பள்ளி நடக்கிறது.

தலைநகரக் கூடத்தில் 50 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை பிறகு 100, 200, 1,000, 3,000 என்று ஏறிக்கொண்டே போனது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில், தலைநகர் லுவோயாங்குக்கு மாறியிருந்த காலத்தில், 30,000ஐத் தாண்டிவிட்டது. ‘பிள்ளைக்கு ஒரு கூடை பொன் வைத்துவிட்டுப் போவதை விட ஒரு நூலைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவது மேல்’ என்று பழமொழியே பிறந்தது.

அரசனுக்கு என்ன லாபம், அறிஞனுக்கு என்ன லாபம்

வூ பேரரசர் போர்ப்பிரியர். வடக்கே ஷியோங்நு குதிரை வீரர்களோடு காலமெல்லாம் சண்டை. அந்தச் செலவுக்காக உப்பையும் இரும்பையும் அரசே விற்றது. ‘நடத்தையால் ஆள வேண்டும்’ என்ற போதனைக்கும் அவருக்கும் தூரம் அதிகம். பிறகு ஏன் இந்த நூல்களுக்கு இவ்வளவு மரியாதை?

ஒன்று, ஆள் தேவை. இவ்வளவு பெரிய நாட்டில் வரி வசூலிக்க, வழக்குக் கேட்க, கடிதம் எழுத ஒரே மாதிரி எழுதவும் யோசிக்கவும் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். பேச்சுமொழி ஊருக்கு ஊர் வேறு. ஆனால் எல்லாரும் அதே ஐந்து நூலைப் படித்திருந்தால், ஒரு வரியைச் சொன்னால் போதும், எதைச் சொல்கிறான் என்பது ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் அதிகாரிக்கும் புரியும். அதோடு, படித்து வந்தவனுக்குப் பதவி கொடுத்தது அரசு. ஆகவே அவன் விசுவாசம் தன் ஊர்ப் பிரபுவிடம் இல்லை, அரசனிடம்.

இன்னொன்று இதை விட ஆழமானது. அரசன் ஏன் அரசன்? டோங் சோங்ஷு இதற்கு ஒரு விடை வகுத்தார். அவர் பெயரில் வழங்கும் ஒரு விளக்கம் சீன எழுத்தையே வைத்து வருகிறது. ‘அரசன்’ என்ற எழுத்தில் மூன்று கிடைக்கோடுகள், நடுவே ஒரு செங்கோடு. மேல் கோடு வானம், கீழ்க் கோடு பூமி, நடுக்கோடு மனிதன். மூன்றையும் ஊடுருவி இணைப்பவன் அரசன். மகன் தகப்பனுக்குக் கட்டுப்படுவது போலக் குடி அரசனுக்குக் கட்டுப்பட வேண்டும், அரசன் வானத்துக்குக் கட்டுப்பட வேண்டும். லியூ பாங்கின் சந்ததிக்கு இதை விடப் பெரிய பத்திரம் வேறு கிடைக்காது.

ஆனால் அந்தப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வானம் அரசனைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. அவன் தவறினால் கிரகணம், வெள்ளம், நிலநடுக்கம், தீ என்று எச்சரிக்கை அனுப்புகிறது. இந்த எண்ணம் டோங் சோங்ஷுவுக்கு முன்பே இருந்தது. கி.மு. 178இல் கிரகணம் வந்தபோது பேரரசர் வென், ‘என் குறையை நேராகச் சொல்லக்கூடியவர்களை அனுப்புங்கள்’ என்று ஆணையே போட்டார். இந்த எச்சரிக்கைகளைப் படித்துச் சொல்வது யார்? நூல் படித்தவர்கள். படையோ நிலமோ இல்லாத ஒருவனுக்கு, பேரரசனைப் பார்த்து ‘நீ செய்வது தவறு’ என்று சொல்ல ஒரு மொழி கிடைத்தது. அறிஞர்களுக்குக் கிடைத்த லாபத்தில் சம்பளத்தை விட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அது எவ்வளவு ஆபத்தான லாபம் என்று டோங் சோங்ஷுவே அனுபவித்தார். கி.மு. 135இல் லியூ பாங்கின் நினைவுக் கோயில் ஒன்றும் கல்லறைப் பகுதிக் கட்டடம் ஒன்றும் தீப்பிடித்தன. அதன் பொருளை விளக்கி அவர் ஒரு வரைவு எழுதி வைத்தார், அரசரிடம் கொடுக்கவில்லை. பொறாமைக்காரர் ஒருவர் அதைத் திருடிப் பேரரசரிடம் சேர்த்துவிட்டார். வூ அதை அறிஞர்களிடம் காட்டினார். எழுதியது யார் என்று தெரியாமல், டோங் சோங்ஷுவின் சொந்த மாணவரே ‘இது பெரிய மடத்தனம்’ என்றார். மரண தண்டனை வரைக்கும் போய், கடைசியில் மன்னிப்புக் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் இயற்கைச் சீற்றங்களைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வளைந்தவர்களும் வளையாதவர்களும்

தாய்ஷுவேக்குத் திட்டம் போட்டவர் கோங்சுன் ஹோங். கடற்கரையில் பன்றி மேய்த்தவர். நாற்பது வயதுக்கு மேல் ‘வசந்தமும் இலையுதிர்காலமும்’ படிக்க ஆரம்பித்து, கடைசியில் தலைமை அமைச்சர் வரை உயர்ந்தார். ஒரு மேய்ப்பன் படித்துத் தலைமை அமைச்சராவது அதற்கு முன் கேள்விப்படாத விஷயம். ஆனால் அரசரை எதிர்த்து ஒரு சொல் பேசமாட்டார். மற்ற அமைச்சர்களோடு கூடிப் பேசி ஒரு முடிவெடுப்பார், சபையில் அரசரின் முகம் மாறினால் அப்படியே மாறிவிடுவார்.

பன்றிப்பட்டிக் கிழவர் யுவான் கூ நினைவிருக்கிறதா? வூ பட்டத்துக்கு வந்ததும் அவரையும் கோங்சுன் ஹோங்கையும் ஒரே நேரத்தில் தலைநகருக்கு அழைத்தார்கள். கிழவருக்கு அப்போது தொண்ணூறுக்கு மேல். கோங்சுன் ஹோங் அவரை ஒரு மாதிரி ஓரக்கண்ணால் பார்த்தாராம். கிழவர் சொன்னார்: “கோங்சுன், நேரான படிப்பைப் பேசு. உலகத்தைக் குளிரவைக்கப் படிப்பை வளைக்காதே.” ‘படிப்பை வளைப்பது’ என்பது சீன மொழியில் இன்றும் வழங்கும் சொல்.

வளையாதவர்களில் ஷியாஹோ ஷெங் என்பவரை மறக்க முடியாது. வூ இறந்து பல ஆண்டுகள் கழித்து, கி.மு. 72இல், கொள்ளுப்பேரன் பேரரசர் ஷுவான், வூவுக்குக் கோயில் வழிபாட்டில் தனிச்சிறப்புச் செய்ய விரும்பினார். சபை முழுக்கத் தலையாட்டியது. ஆவண நூல் அறிஞரான ஷியாஹோ ஷெங் மட்டும் எழுந்து, ‘அவர் போர்களில் ஏராளமானோர் இறந்தார்கள், மக்களின் செல்வம் தீர்ந்தது, அவரால் மக்களுக்கு நன்மை இல்லை’ என்று மறுத்தார். ‘இது பேரரசரின் ஆணை’ என்றார்கள். ‘ஆணையாக இருந்தாலும் ஏற்க முடியாது’ என்றார். சிறை. அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று ஹுவாங் பா என்ற அதிகாரிக்கும் சிறை.

மரண தண்டனைக்குக் காத்திருக்கும் இடத்தில் ஹுவாங் பா கேட்டார்: ‘எனக்கு ஆவண நூல் சொல்லிக்கொடுங்கள்.’ சாகப்போகிறோமே, எதற்கு என்று ஷியாஹோ ஷெங் மறுத்தார். ஹுவாங் பா கன்பூசியஸின் வார்த்தையையே சொன்னார்: ‘காலையில் வழியைக் கேட்டுவிட்டால் மாலையில் சாகலாம்.’ பாடம் தொடங்கியது. இரண்டு குளிர்காலம் சிறைக்குள்ளேயே பாடம் நடந்தது. கி.மு. 70இல் பெரிய நிலநடுக்கம் வந்தது. வானம் எச்சரிக்கிறது என்று பேரரசர் பொது மன்னிப்பு அறிவித்தார், இருவரும் வெளியே வந்தார்கள். அறிஞர்கள் அரசனுக்குக் கற்றுக்கொடுத்த வானத்தின் பாடமே அறிஞர்களைக் காப்பாற்றியது. ஹுவாங் பா பின்னாளில் தலைமை அமைச்சர் ஆனார்.

அதே ஷுவான் பேரரசரிடம் பட்டத்து இளவரசர், ‘தண்டனை அதிகமாக இருக்கிறது, கன்பூசியர்களைப் பயன்படுத்தலாமே’ என்று சொல்லிப் பார்த்தார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ‘ஹான் குடும்பத்துக்கு என்று ஒரு முறை இருக்கிறது. அறமும் வல்லமையும் கலந்தது அது. வெறும் அறத்தை நம்பி எப்படி ஆள்வது?’ என்றார். இந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டால், ஹான் அரசைக் கன்பூசிய அரசு என்று சொல்வதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பூச்சு என்று விளங்கிவிடும். வெளியே கன்பூசியம், உள்ளே சட்டவாதம் என்று சீனர்களே சொல்வதுண்டு. ஆனால் பூச்சு என்று தள்ளிவிடவும் முடியாது. இருநூறு முந்நூறு ஆண்டுகள் பிள்ளைகள் அதையே ஓதி வளர்ந்தால், பூச்சு சுவருக்குள் இறங்கிவிடுகிறது.

வாங் மாங் இதற்குச் சாட்சி. அரச குடும்பத்துப் பெண்வழி உறவினர், கன்பூசிய ஒழுக்கத்தில் பெயர் பெற்றவர், மாணவர்களுக்கு வீடுகள் கட்டியவர். நல்ல சகுனங்கள் தன் அறத்தால் வருகின்றன என்று காட்டி, கி.பி. 9இல் அரியணையையே எடுத்துக்கொண்டார். ‘வானம் ஆளை மாற்றும்’ என்ற கன்பூசிய வாதமே அவர் கையில் ஆயுதமானது. அந்தச் சகுனங்களில் ஒன்று நமக்கு அருகில் வருகிறது. கி.பி. 2இல் தொலைதூர ‘ஹுவாங்சி’ நாட்டிலிருந்து உயிருள்ள காண்டாமிருகம் காணிக்கையாக வந்தது. அந்த நாட்டைக் காஞ்சிபுரம் என்று அறிஞர்கள் சிலர் கருதுகிறார்கள். வாங் மாங் கி.பி. 23இல் கொல்லப்பட்டு, ஹான் வம்சம் திரும்பியது.

பெண்களுக்கு இந்தக் கூடங்களில் இடமே கிடையாது. அப்படியும், அண்ணன் முடிக்காமல் விட்ட ஹான் வரலாற்றை எழுதி முடிக்கவும், பேரரசிக்கே நூல் கற்றுக்கொடுக்கவும் பான் சாவ் என்ற பெண்மணி இருந்தார்.

காலப்போக்கில் இந்த ஏற்பாடு உள்ளிருந்தே கெட ஆரம்பித்தது. படிப்பு வேலைக்கு வழி என்றானதும், விளக்கவுரைகள் ஊதிப் பெருத்தன. ஆவண நூலின் ஒரு பகுதித் தலைப்பில் இருக்கும் இரண்டே எழுத்துக்கு ஒருவர் ஒரு லட்சத்துக்கு மேல் எழுத்துகளில் விளக்கம் எழுதினார். பரிந்துரை முறையும் பெரிய குடும்பங்களின் கைக்குப் போனது. ‘அறிஞர் என்று அனுப்பினார்கள், எழுத்தே தெரியாது; பெற்றோரைப் பேணுபவர் என்று அனுப்பினார்கள், அப்பா தனியாக இருக்கிறார்’ என்று ஜனங்கள் பாட்டுக் கட்டினார்கள்.

பரிந்துரை என்றால் கைமாறும் உண்டு. யாங் ஷென் என்ற அதிகாரி ஓர் ஊர் வழியாகப் போகும்போது, முன்பு அவர் பரிந்துரைத்த ஒருவர் இரவில் பொன்னோடு வந்தார். ‘ராத்திரி நேரம், யாருக்கும் தெரியாது’ என்றார். யாங் ஷென் சொன்னார்: “வானுக்குத் தெரியும், தெய்வத்துக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். யாருக்கும் தெரியாது என்று எப்படிச் சொல்கிறாய்?” அவர் கி.பி. 124இல் அரண்மனை அண்ணகர்களின் (ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர்களின்) பழியால் பதவி இழந்து நஞ்சருந்தி இறந்தார்.

மாணவர்களின் எதிர்ப்பும் இந்தக் கூடத்திலிருந்தே கிளம்பியது. பேரரசர் ஐ காலத்தில் (கி.மு. 7–1) நேர்மையான அதிகாரி பாவ் ஷுவான், பேரரசருக்கு மட்டும் உரிய சாலையில் தலைமை அமைச்சரின் ஆட்கள் வண்டி ஓட்டியதைத் தடுத்தார். அதிலிருந்து வளர்ந்த சச்சரவில் சிறைப்பட்டு மரண தண்டனையை எதிர்நோக்கினார். தாய்ஷுவேயில் ஒரு மாணவர் கொடியை உயர்த்தி, ‘பாவ் ஷுவானைக் காப்பாற்ற நினைப்பவர்கள் இதன் கீழே வாருங்கள்’ என்றார். ஆயிரத்துக்கு மேல் கூடினார்கள். தலைமை அமைச்சரின் வண்டியை வழிமறித்தார்கள், அரண்மனை வாசலில் மனுக் கொடுத்தார்கள். பாவ் ஷுவானின் உயிர் தப்பியது. அவர்கள் வழிமறித்த அந்த அமைச்சர் கோங் குவாங், கன்பூசியஸின் பதினான்காம் தலைமுறை வாரிசு.

கி.பி. 166க்குப் பிறகு அண்ணகர்கள் திருப்பி அடித்தார்கள். எதிர்த்துப் பேசிய அறிஞர்களுக்குப் பதவித் தடை, பலருக்குக் கொலை. 172இல் தாய்ஷுவே மாணவர்கள் ஆயிரம் பேருக்கு மேல் கைதானார்கள்.

அதற்கு மூன்று ஆண்டுகளில் ஒரு பெரிய வேலை தொடங்கியது. தேர்வில் எந்த வாசகம் சரி என்ற தகராறில், சிலர் லஞ்சம் கொடுத்து அரசு நூலகத்தின் மூலப் பிரதியையே தங்கள் பாடத்துக்கு ஏற்றபடி மாற்றத் தொடங்கியிருந்தார்கள். சாய் யோங் முதலிய அறிஞர்கள் வாசகத்தைச் சரிபார்த்துக் கல்லில் வெட்ட அனுமதி கேட்டார்கள். 175 முதல் 183 வரை வேலை நடந்தது. 46 கற்பலகைகள் தாய்ஷுவே வாசலில் நின்றன. பார்க்கவும் படியெடுக்கவும் வந்தவர்களின் வண்டிகள் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேல், தெருவெல்லாம் அடைத்துக்கொண்டன.

கல் வெட்டி முடித்து ஏழாம் ஆண்டில், 190இல், படைத்தலைவர் டோங் சுவோ பேரரசரை மேற்கே இழுத்துக்கொண்டு போய், லுவோயாங்குக்குத் தீ வைத்தார். அடுத்த நூற்றாண்டுகளின் போர்களில் கற்களும் உடைந்து சிதறின. சியான் நகரின் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் மாற்றங்களின் நூலின் ஒரு துண்டு இருக்கிறது. ஓரங்கள் முறிந்திருக்கின்றன, எழுத்துகள் இன்னும் தெளிவாகவே தெரிகின்றன.